டப்பாவிலிருந்து இறங்கிய முகம்

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஒரு மாவு டப்பாவைப் பற்றிப் பேசப் போகிறேன். விடுதலை பேச வந்தவன் மாவு பேசறானேன்னு நினைக்காதீங்க. இழிவு சாஸ்திரத்துல மட்டும் எழுதி வச்சிருக்கல, கடைச் சரக்குலயும் ஒட்டி வச்சிருக்கான்.

அமெரிக்காவில் 1889இல் பான்கேக் மாவு ஒன்று சந்தைக்கு வந்தது. பெயர் ஆன்ட் ஜெமைமா. வெள்ளையர்கள் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு கறுப்பு மக்களைக் கேலி செய்து ஆடும் மேடைக்கூத்து அங்கே இருந்தது. அதில் பாடப்பட்ட ஒரு பாட்டிலிருந்து எடுத்த பெயர் அது. டப்பாவின் மேல் தலையில் துணி கட்டிய, எப்போதும் சிரிக்கிற கறுப்புப் பெண். எஜமான் வீட்டு அடுப்படியில் அடிமையாகக் கிடந்தவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள் என்று சொல்லும் சிரிப்பு.

ஆன்ட் என்றால் அத்தை, சித்தி. மரியாதைதானே என்று தோன்றும். வயதான கறுப்புப் பெண்ணைத் திருமதி என்று அழைக்க மனசு வராத வெள்ளையன் வைத்துக்கொண்ட சொல் அது. கறுப்பு ஆண் கிழவனானாலும் அவனுக்குப் 'பையன்'தான். நம்ம சேரியில எழுபது வயசுப் பாட்டனை ஊர்க்காரச் சின்னப்பய பேர் சொல்லிக் கூப்பிடுறானே, அந்த நோவு தெரிஞ்ச நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்த வேடத்துக்கு முதலில் அமர்த்தப்பட்டவர் நான்சி கிரீன். கென்டக்கியில் அடிமையாகப் பிறந்தவர். 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் நின்று பான்கேக் சுட்டுக் காட்டினார். 1923இல் கார் மோதி இறந்தார். அவர் போட்ட வேடத்தின் பெயர் வீட்டுக்கு வீடு அடுப்படியில் இருந்தது. அவருடைய பெயர் அவர் புதைகுழி மேலேயே இல்லை. 2020இல்தான் கல் நட்டார்கள்.

அதே 2020 மே 25 அன்று மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்டைப் போலீஸ் கொன்றது. தெருவெல்லாம் எரிந்தது. அடுத்த மாதமே, அந்த மாவின் உரிமையாளரான பெப்சிகோ, பெயரையும் படத்தையும் எடுத்துவிடுவதாக அறிவித்தது. பத்திரிகைகளில் பெரிய சண்டை. கம்பெனி திருந்திவிட்டது என்று ஒரு கூட்டம், எங்கள் பாரம்பரியத்தை அழிக்கிறார்கள் என்று ஒரு கூட்டம். அந்த வேடம் போட்ட பெண்களின் வாரிசுகள் சிலர் வேறொன்று சொன்னார்கள்: எங்கள் பாட்டிமார் உழைத்த வரலாறும் இதோடு சேர்ந்து அழிகிறதே! இந்தக் குரலை எத்தனை பேர் காதில் வாங்கினார்கள்? பிற்காலத்தில் வேடம் போட்ட ஒருவரின் வாரிசுகள் 2014இல் பங்கு கேட்டு வழக்குப் போட்டபோது அது தள்ளுபடியானது. படத்தை எடுப்பது சுலபம், பங்கு கொடுப்பதுதான் கஷ்டம்.

இதே கம்பெனியின் கதையைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். 1947இல் கறுப்பு மக்களிடம் சரக்கு விற்க எட்வர்ட் பாய்ட் என்ற கறுப்பரைப் பெப்சி வேலைக்கு எடுத்தது. அவர் தலைமையில் கறுப்பு விற்பனையாளர்கள் ஊர் ஊராகப் போனார்கள். தெற்கே ஓட்டலில் இடம் கிடையாது, ரயிலில் தனிப்பெட்டி. அதையும் சகித்து விற்றார்கள். சில ஆண்டுகளில் நிர்வாகத் தலைமை மாறியது, குழுவைக் கலைத்துவிட்டார்கள். 2017இல் ஒரு விளம்பரம் வந்தது. ஊர்வலத்தில் ஒரு மாடல் பெண் போலீசுக்குப் பெப்சி நீட்டுவார், உடனே எல்லாம் சுமுகமாகிவிடும். தகப்பனைப் போலீஸ் தள்ளும் படத்தைப் போட்டு மார்ட்டின் லூதர் கிங்கின் மகள் அதைக் கிண்டல் செய்தார். ஒரே நாளில் விளம்பரத்தைத் திரும்பப் பெற்று மன்னிப்புக் கேட்டார்கள், அந்த மாடலிடமும் சேர்த்து!

2020 ஜூனில் 40 கோடி டாலர் திட்டம், கறுப்பு மேலாளர்களின் எண்ணிக்கையை ஐந்தாண்டில் 30 விழுக்காடு கூட்டுவோம் என்ற வாக்குறுதி. 2025 ஜனவரியில் டிரம்ப் மீண்டும் ஆட்சிக்கு வந்தார். பிப்ரவரியில் இந்த மாதிரி இலக்குகளைக் கைவிடுவதாகக் கம்பெனி ஊழியர்களுக்குச் சொல்லிவிட்டது. ஒரு கடிதம், அவ்வளவுதான்.

இது நமக்கு எதுக்குன்னு கேட்பீங்க. 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து பெயர் எடுத்தார்கள். போராட்டத்தைப் பார்த்து எடுத்த பெயர். 2002இல் போபால் மாநாட்டில், அமெரிக்கக் கம்பெனிகள் கறுப்பரிடம் சரக்கு வாங்குவதுபோல இங்கும் தலித்துகளிடம் வாங்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. நியாயமான கோரிக்கைதான். ஆனால் 2006இல் தனியார் துறையில் இடஒதுக்கீடு என்ற பேச்சு வந்ததும் முதலாளி சங்கங்கள் சொன்னது என்ன? சட்டம் வேண்டாம், நாங்களே மனமுவந்து செய்கிறோம் என்றன. இன்றுவரை மத்தியச் சட்டம் இல்லை. மனமுவந்து கொடுத்தவன் மனமுவந்தே பிடுங்குவான் என்பதற்கு 2025 அமெரிக்கா சாட்சி.

சட்டம் மட்டும் நிலைக்குமா என்று ஒரு தோழர் கேட்டார். சரியான கேள்வி. கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதை 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே நிறுத்தியது. ஆனால் சட்டத்தில் கை வைத்தால் ஊருக்குத் தெரியும், வாதாடலாம், வாக்குக் கேட்க வருபவனை மடக்கலாம். கம்பெனிக் கொள்கையில் கை வைத்தால் யாரை மடக்குவது?

மடக்க வழி இருக்கிறது. மான்ட்கோமரியில் 1955 டிசம்பரிலிருந்து 381 நாள் கறுப்பு மக்கள் பஸ் ஏறவில்லை, நடந்தார்கள். பஸ்சில் இருக்கை பிரிப்பது செல்லாதென்று தீர்ப்பு வந்து அமலான பிறகுதான் ஏறினார்கள். 2025இல் டார்கெட் என்ற கடைக் கம்பெனி இதேபோல் வாக்குறுதியிலிருந்து பின்வாங்கியபோது, கறுப்புத் தேவாலயங்கள் அங்கே வாங்காதே என்றன. விற்பனை சரிந்ததற்கு மக்களின் எதிர்ப்பும் ஒரு காரணம் என்று கம்பெனியே ஒத்துக்கொண்டது.

டப்பாவில் யார் முகம் இருக்கிறது என்று மட்டும் பார்க்காதீர்கள். வேலைக்கு எடுக்கும் மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார், லாபம் யார் வீட்டுக்குப் போகிறது என்று கேளுங்கள். நாளை உங்கள் கல்லூரிக்கு ஆள் எடுக்க ஒரு கம்பெனி வரும், சமத்துவம் எங்கள் கொள்கை என்று படம் காட்டும். கைதட்டுவதற்கு முன்னால் எழுந்து நின்று ஒரே கேள்வி கேளுங்க: எங்காளு உங்ககிட்ட எத்தனை பேரு, எந்த நாற்காலியில?

ஜெய்பீம்.