வளையத் தெரிந்த எஃகு



1994 ஜனவரி 17, விடியற்காலை நாலரை மணி. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் நார்த்ரிட்ஜ் பகுதியில் 6.7 அளவுக்கு நிலம் அதிர்ந்தது. எஃகுத் தூண்களையும் பீம்களையும் வெல்டிங் வைத்து எழுப்பிய கட்டடம் ஒன்றுகூட இடிந்து விழவில்லை. எஃகு காப்பாற்றிவிட்டது என்றே எல்லோரும் நம்பினார்கள்.

பிறகு கூரைப் பலகைகளைக் கழற்றி, தீத்தடுப்புப் பூச்சைச் சுரண்டிப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களில், பீமும் தூணும் சேரும் இடத்தில் வெல்டிங் விரிசல் விட்டிருந்தது. பெரும்பாலும் பீமின் அடித்தகட்டில் தொடங்கிய விரிசல், சில இடங்களில் தூணுக்குள்ளேயே புகுந்திருந்தது. சரியாக ஓராண்டு கழித்து ஜப்பானின் கோபே நகரை நிலநடுக்கம் உலுக்கியது. அந்நகரை அடுத்த ஆஷியாஹாமா அடுக்குமாடிக் குடியிருப்பில் கனத்த எஃகுத் தூண்களே குறுக்காகப் பிளந்தன.

எஃகு ஏன் இப்படி ஒடிந்தது? கட்டுக்கம்பியை வளைத்துப் பாருங்கள், சொன்னபடி வளையும். ஆக்சா பிளேடை வளைத்தால், ஓர் அளவுக்குமேல் படாரென்று ஒடியும். பிளேடுதான் பலமானது, ஆனால் அதற்கு வளைந்துகொடுக்கத் தெரியாது. நிலநடுக்கத்தின்போது பீம் கொஞ்சம் வளைந்து, அதிர்வின் ஆற்றலை உள்வாங்கிக்கொள்ள வேண்டும். நார்த்ரிட்ஜில் பீம்களுக்கு வந்த எஃகு, பொறியாளர்கள் கணக்குப் போட்டதைவிடக் கூடுதல் பலத்தோடு இருந்தது. பீம் வளைய மறுத்தது. பாரமெல்லாம் வெல்டிங்கின்மேல் விழுந்தது. வெல்டிங்கோ முறியக்கூடிய தன்மையோடு இருந்தது. கூடுதல் பலமே அங்கே கேடாக முடிந்தது.

இன்று உயர்வலிமை எஃகு பரவலாகி வருவதால் இந்தப் பாடம் முக்கியமாகிறது. சாதாரண எஃகு ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 25 கிலோ பாரம் வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும். உயர்வலிமை எஃகில் 47 கிலோ, 70 கிலோ தாங்கும் ரகங்களும் உண்டு. தூண்கள் மெலியும், எடை குறையும், செலவும் மிச்சமாகலாம். ஆனால் பலம் ஏற ஏற, ஒடிவதற்குமுன் நீளும் தன்மை பொதுவாகக் குறைகிறது.

அதனால் ஜப்பானியர்கள் கட்டட எஃகுக்கு ஒரு வரம்பு வைத்தார்கள். எஃகு நீளத் தொடங்கும் பலம், அது அறுந்துபோகும் பலத்தில் 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. நீளத் தொடங்கியபின்னும் தாக்குப்பிடிக்க அதற்கு இடம் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஆய்வாளர்கள் இன்னொரு வழியைச் சோதித்தார்கள்: தூணுக்கு உயர்வலிமை எஃகு, பீமுக்குச் சாதாரண எஃகு. பீம் வளையும், தூண் நிமிர்ந்து நிற்கும். அமெரிக்கர்கள் பீமின் தகடுகளைத் தூணிலிருந்து சற்றுத் தள்ளி வேண்டுமென்றே குறுக்கி வெட்டினார்கள். வளைவு அங்கே நிகழும், வெல்டிங் தப்பும்.

நம் கான்கிரீட் வீடுகளுக்கும் இதே நியாயம்தான். கம்பி வாங்கும்போது 500 என்ற எண்ணோடு 'டி' என்ற எழுத்தும் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியத் தரநிலைப்படி 500 ரகக் கம்பி அறுவதற்குமுன் குறைந்தது 12 சதவீதம் நீள வேண்டும். 500டி 16 சதவீதம் நீள வேண்டும். பலம் எவ்வளவு என்று கேட்கிற நாம், எவ்வளவு வளையும் என்றும் கேட்கப் பழக வேண்டும். நிலநடுக்கத்தில் வளைந்துபோன பீமை மாற்றிக்கொள்ளலாம். போன உயிரை மீட்க முடியாது.