காந்தத்தின் முன் மறைக்கலாகாது



எம்.ஆர்.ஐ. படம் என்றதும் நம் தோட்டத்து வீடுகளில் இரண்டு அச்சங்கள் எழுகின்றன.

கதிர் உடம்பைக் கெடுக்குமோ என்பது ஒன்று. அது வேண்டாம்; இதில் எக்ஸ்ரே கதிர் இல்லை. காந்தமும் வானொலி அலையுமே வேலை செய்கின்றன. பேரொலி கேட்கும், காதை அடைத்துக்கொள்ளத் தருவார்கள்.

தாலியைக் கழற்றுவதா என்பது மற்றொன்று. இங்கேதான் நாம் சிந்திக்க வேண்டும். அக்காந்தம் பூமியின் காந்தத்தைவிட ஏறக்குறைய 30,000 மடங்கு வலியது. படம் எடுக்காத வேளையிலும் உறங்காதது. 2018 ஜனவரியில் மும்பை நாயர் மருத்துவமனையில், உறவினருக்குத் துணையாக வந்த ஒருவர் ஒட்சிசன் உருளையுடன் அவ்வறைக்குள் சென்றார். காந்தம் உருளையை இழுக்க, அவரும் இழுபட்டு உயிர்நீத்தார்.

பொன்னைக் காந்தம் இழுக்காது. ஆனால், தாலிக்கொடியில் நம் தாய்மார் கோத்து வைக்கும் ஊக்கு இரும்பன்றோ? பொற்கொடியுங்கூடச் சூடேறித் தோலைச் சுடக்கூடும். கொடியைக் கழற்றி, மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டைக் கட்டிக்கொண்டால் மங்கலம் குறையுமா?

இதயத்தில் பொருத்திய கருவி, கண்ணில் தைத்த இரும்புத்துகள், சிறுநீரக நோய், கர்ப்பம் ஆகிய எதையும் வெட்கப்பட்டு மறைக்கலாகாது. பெரகலச் சந்தியில் பஸ் ஏறுமுன்பே அன்னையிடம் இவற்றைக் கேட்டறிவது பிள்ளைகளாகிய நம் கடமை.