பெட்டிக்குள்ளே என்ன இருக்கு?

(தலைப்பு: வெளிநாட்டுச் சுற்றுலாவில் மின்னணுக் கருவிகள் துணையா? சுமையா? 'சுமையே' அணியில் ஆற்றிய உரை)

நடுவர் அவர்களே, 'துணையே' என்று முழங்கிவிட்டு எதிரணி அம்மையார் அமர்ந்திருக்கிறாங்க.

அம்மையார் என்ன கேட்டாங்க? "செல்போன் இல்லாட்டி டிக்கெட் ஏது, வழி ஏது, வாடகைக் கார் ஏது?"ன்னு கேட்டாங்க. சரிதாம்மா. அந்த ஒரு போனை நான் ஒத்துக்கறேன். அது மாப்பிள்ளை. ஆனா அதுக்குப் பின்னாலே ஒரு ஊர்வலம் வருதே! டேப்லெட், லேப்டாப், கேமரா, ஸ்பீக்கர், செல்ஃபி குச்சி, பவர் பேங்க் மூணு, வயர் பன்னிரண்டு! இவங்கெல்லாம் யாரு? பந்திக்கு வந்த கூட்டம்! (சிரிப்பு)

எங்க கன்னியாகுமரி மாவட்டத்துக்காரங்களுக்குப் பக்கத்து விமான நிலையம் திருவனந்தபுரம். எண்பதுகளிலே வளைகுடாவிலேருந்து ஒருத்தர் வந்து இறங்கினா, கயிறு கட்டின அட்டைப்பெட்டியிலே டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டர் வரும். தெருவே கூடி நின்னு பார்க்கும். அந்தப் பெட்டிக்குள்ளே இருந்தது பாட்டு மட்டுமில்லீங்க. ஒரு மனுஷன் பாலைவன வெயிலிலே வருஷக்கணக்கா நின்ன உழைப்பு. அன்னைக்குக் கருவி அங்கேருந்து இங்கே வந்தது. இன்னைக்கு ஏழு நாள் சிங்கப்பூர் பார்க்கப் போறவர் அத்தனையையும் இங்கேருந்து அங்கே தூக்கிட்டுப் போறார். கொல்லன் தெருவிலே ஊசி விற்ற கதைதான்!

கொண்டு போனது அங்கே வேலை செய்யுதா? நம்ம பிளக்குக்கு உருண்டைக் கால். சிங்கப்பூர், மலேசியாவிலே சுவரிலே இருக்கிறது சதுர ஓட்டை. அடாப்டர் இல்லேன்னா அத்தனையும் பொம்மை. அமெரிக்காவுக்கு மகள் பிரசவத்துக்குப் போற அம்மா, ஆசை ஆசையா மிக்ஸியைக் கட்டிக்கிட்டுப் போறாங்க. நம்ம வீட்டிலே 230 வோல்ட், அங்கே 120. நம்ம மிக்ஸி அங்கே அரைக்காது, அழும்! (சிரிப்பு) அயர்ன் பாக்ஸைச் சொருகினா நாலிலே ஒரு பங்கு சூடுதான் வரும். போன் சார்ஜரிலே பொடி எழுத்திலே '100-240' என்று போட்டிருக்கும். அது மட்டும் எங்கேயும் பிழைச்சுக்கும். அந்தப் பொடி எழுத்தை வாசிக்காமலே பெட்டியைப் பூட்டுறோமே, அதைத்தான் சுமைங்கிறேன்.

இனி விளையாட்டில்லாத விஷயத்துக்கு வர்றேன். 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் பூசான் நகரத்துக் கிம்ஹே விமான நிலையத்திலே, புறப்பட நின்ற ஏர் பூசான் விமானம் தீப்பிடித்தது. எல்லோரும் உயிர் தப்பினாங்க. விமானத்தின் மேற்கூரை வெந்து போச்சு. தலைக்கு மேலே பை வைக்கிற தட்டிலே இருந்த பவர் பேங்கின் பேட்டரியிலேருந்து தீ வந்திருக்கக் கூடும் என்று விசாரணையிலே சொன்னாங்க. அதே ஆண்டு ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், பறக்கும்போது பவர் பேங்கைப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டது. அக்டோபர் 1 முதல் எமிரேட்ஸும் அப்படியே.

பவர் பேங்கைப் பெரிய பெட்டியிலே போட்டு அனுப்பக் கூடாது, கையிலேதான் வைக்கணும் என்கிறார்களே, ஏன்? கண் முன்னாலே புகைந்தால் பணிப்பெண் ஓடி வந்து அணைப்பாங்க. அடியிலே சரக்கு அறைக்குள்ளே புகைந்தால் பார்ப்பார் யார்? கணக்கும் எளிதுதான். 20,000 மில்லி ஆம்பியர் என்று போட்டிருந்தால் 3.7 வோல்ட்டாலே பெருக்கி ஆயிரத்தாலே வகுத்தால் 74 வாட் அவர். 100 வரைக்கும் சாதாரணமா விடுவாங்க. 160 வரை விமானக் கம்பெனியைக் கேட்கணும். அதுக்கு மேலே வீட்டிலேயே இருக்கட்டும்!

நடுவர் அவர்களே, எங்க ஊரிலே நடந்தது ஒண்ணு சொல்றேன். தாத்தாவும் பாட்டியும் சிங்கப்பூரிலே இருக்கிற மகன் வீட்டுக்கு முதல் தடவையாப் போறாங்க. கூடப் போற இளவட்டங்கள் பெட்டி கட்டுது. பேரனுக்குன்னு பாட்டி சுட்ட முந்திரிக்கொத்து டப்பா வெளியே வந்தது. ஸ்பீக்கர் உள்ளே போனது. தாத்தா காதிலே மிஷின் இருக்கு, அதை யாரும் மறக்கலை. அதோட சார்ஜர்? டி.வி.க்குப் பக்கத்திலேயே இருந்துபோச்சு. இரண்டாம் நாள் மிஷின் மௌனம். மூணு வயசுப் பேரன் மடியிலே ஏறி உட்கார்ந்து மழலையிலே என்னமோ சொல்லுதான். தாத்தா அவன் வாயையே பார்க்கிறார். "மக்கா, இன்னும் கொஞ்சம் சத்தம் கூட்டிச் சொல்லு மக்கா"ங்கிறார். பத்துக் கருவி போன பெட்டியிலே, அவருக்கு வேண்டிய ஒரு கருவிக்கு இடம் இல்லை. அந்த மழலையைக் கேக்கத்தானே ஐயா அவர் கடல் தாண்டிப் போனார்? (கைதட்டல்)

"காது மிஷினும் கருவிதானே?"ன்னு எதிரணி மடக்குவாங்க. இல்லை தாயே! மூக்குக்கண்ணாடி மாதிரி, பல்செட் மாதிரி, அது உடம்போட உறுப்பு. சர்க்கரை பார்க்கிற மிஷினும் அப்படித்தான். உறுப்பை முதலிலே வையுங்க. அலங்காரத்தை அப்புறம் பார்ப்போம்.

அவர்கள் ஏ.கே. செட்டியாரைச் சொல்லலாம். கோட்டையூர்க்காரர். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தவர். காந்தியடிகளைப் பற்றிய படச்சுருள்களைத் தேடி நாடு நாடாய் அலைந்து, 1940-இல் ஆவணப்படமாகத் தந்தவர். அவரிடமும் கேமரா இருந்தது. ஆனால் அந்தக் கருவிக்கு ஒரு வேலை இருந்தது. வள்ளுவர்கூட அமைச்சு அதிகாரத்தின் முதல் குறளிலே கருவியைத் தனியே விடவில்லை. காலத்தையும் செயலையும் கூடவே நிறுத்துகிறார். செயல் இல்லாத கருவி வெறும் எடைதான்.

ஆகவே தாய்மார்களே, பெட்டி கட்டும்போது எல்லாவற்றையும் கட்டிலிலே பரப்புங்க. ஒவ்வொன்றையும் கையிலே எடுத்து மூணு கேள்வி கேளுங்க. விமானம் இதை ஏத்துமா? அந்த ஊர்ச் சுவர் இதை ஏத்துக்குமா? இது இல்லாட்டி நம்மிலே யார் தவிப்பார்? மூணாவது கேள்விக்குப் பதில் இல்லாத கருவியை அலமாரிக்கே அனுப்பிடுங்க. அது காலி பண்ற இடத்திலே பாட்டியின் முந்திரிக்கொத்து உட்காரட்டும். அதுக்கு சார்ஜர் வேண்டாம், அடாப்டர் வேண்டாம்! (சிரிப்பு, கைதட்டல்)

தேவைக்கு மேலே தூக்கியது எதுவானாலும் அது சுமையே, சுமையே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.