பொறியும் பெண்டிர் தொழிலும்



கண்டி நகரை அடுத்த ஹந்தானை மலையிலே தேயிலை நூதனசாலை ஒன்று உண்டு. 1925ஆம் ஆண்டில் எழுந்த தொழிற்சாலைக் கட்டடமே இன்று நூதனசாலையாக விளங்குகின்றது. அங்குள்ள பழைய பொறிகளைக் காண்போர்க்கு ஒரு வரலாறு விளங்கும்.

1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்திலே தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலர், தொடக்கத்தில் தம் பங்களா விறாந்தையில் இலையைக் கையால் உருட்டுவித்தார். பின்னர் உருட்டும் தொழிலைப் பொறி ஏற்றது. தோட்டங்கள் பெருகின, வேலையும் பெருகியது. ஆயினும் பொறியை இயக்கும் தொழில் பெரும்பாலும் ஆடவரிடம் சேர்ந்தது. கொழுந்துக் கூடை பெண்டிரின் முதுகிலேயே நின்றது. ஆகவே, ஒரு பொறி வருங்கால், அது யார் கையிலிருந்து தொழிலை வாங்கி, யார் கையிற் கொடுக்கின்றது என்று கேட்டல் வேண்டும்.

தேயிலையிற் கலந்த காம்பைப் பொறுக்கியெடுப்பது பெண்டிர் செய்துவந்த வேலை. இன்று, கமராவினால் நிறத்தை அறிந்து காம்பைப் பிரிக்கும் பொறிகள் தொழிற்சாலைகளில் இயங்குகின்றன. மலைச்சரிவில் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகத் தேர்ந்து கொய்யும் விரலுக்கோ இன்னும் நிகரான பொறி இல்லை.

இனி, செயற்கை நுண்ணறிவு வேறொரு வாயிலில் நுழைகின்றது. சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, அது மிகுதியாகத் தீண்டுவது எழுதுவினைஞர் தொழிலையே. செல்வ நாடுகளில் நூற்றுக்கு 5.5 வேலைகளும், வறிய நாடுகளில் 0.4 வேலைகளுமே பொறியின் வசமாகக் கூடியவை. செல்வ நாடுகளிலே பெண்டிர்க்கு இவ்விகிதம் 7.8, ஆடவர்க்கு 2.9.

வறிய நாட்டின் சிறிய எண் கண்டு மகிழ்வதற்கில்லை. லயத்துத் தாய் கூடை சுமந்து மகளைப் படிக்கவைப்பது, அவள் கண்டியிலோ கொழும்பிலோ ஒரு மேசையின் முன் அமர்வதற்காக. தாயின் கடுந்தொழிலை விட்டுவைத்து, மகள் ஏற நினைத்த படியையே பொறி அசைக்குமாயின், இழப்பு இரு தலைமுறைக்குமாகும்.

பொறியைத் தடுத்தல் இயலாது, வேண்டியதுமன்று. அதனை இயக்கவும் திருத்தவும் தோட்டத்துப் பெண்களுக்குத் தமிழிலேயே பயிற்சி அளித்தல் வேண்டும். பொறியால் வரும் ஊதியத்தில், வேலை இழந்தவருக்கும் பங்கு உண்டென ஒப்பந்தம் செய்தல் வேண்டும். உருட்டும் பொறி வந்த நாளில் கேளாது விட்ட இவற்றை இன்றேனும் கேட்போமாக.