நாற்பத்தொன்பதோடு நின்றுபோகும் கணக்கு

மருத்துவக் கல்லூரிகளிலிருந்து வந்திருக்கும் பேராசிரியர்களே, ஆய்வு மாணவர்களே, கிராமச் சுகாதாரச் செவிலியர்களே, எல்லோருக்கும் மேலாக, பீடித் தட்டை ஓரமாக வைத்துவிட்டு, இன்றைய கூலியையும் விட்டுவிட்டு இங்கே வந்திருக்கும் கடையம் வட்டாரத் தாய்மார்களே!

இந்தக் கருத்தரங்கைச் சென்னையிலோ மதுரையிலோ நடத்தியிருக்கலாம். ராமநதியும் கடனாநதியும் பாயும் இந்தக் கடையத்துக்கு அதைக் கொண்டுவந்த அமைப்பாளர்களைப் பாராட்டுகிறேன். நடுவயதுப் பெண்ணின் உடல்நலம் பற்றிப் பேசும் அரங்குகளில் அந்தப் பெண்ணைத் தவிர மற்ற எல்லோரும் இருப்பார்கள். இன்று அவர் இருக்கிறார், முன்வரிசையிலேயே இருக்கிறார்.

இது பாரதியின் மனைவி செல்லம்மாவின் ஊர். 1921 செப்டம்பரில் பாரதி மறைந்தபோது செல்லம்மா முப்பதைத் தாண்டி அதிக காலம் ஆகவில்லை. அதன் பிறகு 1955 வரை, இன்னும் முப்பத்து நான்கு ஆண்டுகள் வாழ்ந்தார். பாரதியின் நூல்கள் அச்சேற முனைந்தார். கணவரின் வரலாற்றைத் தாம் சொல்ல, மகள் தங்கம்மாளை எழுதவைத்தார். நம்முடைய நூல்களில் அவரைப் பற்றிய செய்திகளைத் தேடிப் பாருங்கள். மணமகளாக வருகிறார், மனைவியாக வருகிறார், தாயாக வருகிறார். நாற்பதிலும் ஐம்பதிலும் அவர் எப்படி இருந்தார், அவர் உடம்பு என்ன பட்டது என்று கேட்டவர் இல்லை. இலக்கிய வரலாறு செய்ததைத்தான் மருத்துவ ஆய்வும் செய்துவந்திருக்கிறது.

தமிழ்நாட்டில் ஒரு பெண் கருவுற்றால் அரசு அவருக்கு ஒரு பிக்மி எண் தருகிறது. எத்தனை முறை பரிசோதனைக்கு வந்தார், இரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு, பிரசவம் எங்கே, குழந்தையின் எடை என்ன என்று ஒவ்வொன்றும் அந்த எண்ணோடு பதிவாகிறது. இது நாம் பெருமைப்பட வேண்டிய ஏற்பாடு. இரண்டு குழந்தைகளோடு நம் பெண்களில் பெரும்பாலோர் இருபத்தைந்து, இருபத்தாறு வயதிலேயே குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சை செய்துகொள்கிறார்கள். அதோடு அந்த எண்ணுக்கு வேலை முடிகிறது. எழுபதைத் தாண்டி வாழப்போகும் பெண்ணுக்கு இன்னும் நாற்பத்தைந்து ஆண்டுகள் பாக்கி இருக்கின்றன.

நாட்டின் பெரிய கணக்கெடுப்பான தேசியக் குடும்பநல ஆய்வும் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களிடம்தான் கேள்வி கேட்கிறது. பிள்ளை பெறும் வயது என்பதுதான் அந்த எல்லைக்குக் காரணம். 2017, 2018-ஆம் ஆண்டுகளில் நடந்த லாசி என்னும் முதுமை ஆய்வு 45 வயதுக்கு மேற்பட்டவர்களும் அவர்களின் வாழ்க்கைத் துணைவர்களுமாக 72,000-க்கும் அதிகமானவர்களைச் சந்தித்தது. அதை வரவேற்கிறேன். ஆனால் முதலாவது ஆய்வு பிள்ளைப்பேற்றை மனத்தில் வைத்துக் கேட்டது, இரண்டாவது முதுமையை மனத்தில் வைத்துக் கேட்டது. நடுவில் நிற்கும் பெண்ணை அவருக்காகவே யாரும் கேட்கவில்லை.

மேலை நாடுகளில் மாதவிடாய் சராசரியாக 51 வயதில் நிற்கிறது. இந்தியப் பெண்களுக்கு 46, 47 வயதிலேயே நின்றுவிடுகிறது. முப்பது முதல் நாற்பத்தொன்பது வயது வரையுள்ள நம் பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு, இயல்பாகவோ அறுவையாலோ, ஏற்கனவே நின்றுவிட்டது. நான்கைந்து ஆண்டு முன்னால் வருவது சின்ன விஷயமில்லை. ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் எலும்புக்கும் இரத்தக்குழாய்க்கும் தரும் காவல் அத்தனை ஆண்டு முன்னதாகவே விலகுகிறது என்று பொருள்.

அந்த மாற்றம் ஒரு நாளில் வருவதில்லை. நிற்பதற்குச் சில ஆண்டுகள் முன்பே சூலகத்தின் சுரப்பு தாறுமாறாக ஏறி இறங்கும். வெளிநோயாளர் பிரிவில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவள் நான். “மேலெல்லாம் காந்துது டாக்டர், மறு நிமிஷம் வேர்த்துக் கொட்டுது”, “ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சா பிறகு உறக்கமே இல்ல”, “ஒண்ணுஞ் செய்யாமலே சடவா இருக்கு”, “சும்மா சும்மா எரிஞ்சு விழுறேன், பிள்ளைங்க பயப்படுதுங்க” என்று சொல்வார்கள். சிறுநீர் எரிச்சலையும் தாம்பத்தியத்தில் வரும் வலியையும் கேட்டால்கூடச் சொல்லமாட்டார்கள். கதவருகே போய்த் திரும்பி நின்று சொல்வார்கள். அவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு சத்து ஊசி, ஒரு கால்சியம் அட்டை, “வயசானா இப்படித்தான்” என்ற பதில்.

அந்தப் பதில் அறிவியலாகாது. 1996-இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘ஸ்வான்’ ஆய்வு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தது. உடல் காந்தலும் வியர்வையும் ஓரிரு ஆண்டில் போய்விடும் என்று நம்பிக்கொண்டிருந்தவர்களுக்கு, இடைநிலைக் கணக்கில் 7.4 ஆண்டுகள் நீடிக்கிறது என்று அது காட்டியது. மூளையில் உடல்வெப்பத்தை ஆளும் பகுதிக்கு அருகே உள்ள நரம்பணுக்கள், ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் கட்டுமீறித் தூண்டப்படுவதே காந்தலுக்குக் காரணம் என்று இப்போது தெரிகிறது. அந்தத் தூண்டலைத் தடுக்கும் ஃபெசோலினெட்டன்ட் என்ற ஹார்மோன் அல்லாத மருந்துக்கு 2023-இல் அமெரிக்கா ஒப்புதல் தந்தது. ஒரு பெண்ணின் வியர்வையை ஆராய்ச்சிக்குரிய கேள்வியாக மதித்ததால் கிடைத்த பயன் இது. ஆனால் ஸ்வான் எடுத்துக்கொண்டது வெள்ளையர், கறுப்பினத்தவர், ஹிஸ்பானியர், சீனர், ஜப்பானியர் ஆகிய ஐந்து பிரிவினரை. தெற்காசியப் பெண் அதில் ஒரு பிரிவாக இல்லை.

ஹார்மோன் சிகிச்சை பற்றி இந்த அவையில் கடுமையான விவாதம் நடக்கும் என்று அறிவேன். அதற்கு முன் ஒன்றை நினைவூட்ட வேண்டும். 2002 ஜூலையில் அமெரிக்காவின் ‘பெண்கள் நல முன்முயற்சி’ ஆய்வில், ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்த்துத் தரப்பட்ட பகுதியைப் பாதியில் நிறுத்தினார்கள். 16,608 பெண்கள் அதில் இருந்தார்கள். மார்பகப் புற்றுநோய் 10,000 பெண்களுக்கு ஆண்டுக்கு 8 பேர் வீதம் கூடுதலாக வந்தது. இதயநோயும் பக்கவாதமும் சற்றுக் கூடின. எலும்பு முறிவும் பெருங்குடல் புற்றும் குறைந்தன. உலகம் முழுவதும் பெண்கள் மாத்திரையைத் தூக்கி எறிந்தார்கள், மருத்துவர்கள் எழுதுவதை நிறுத்தினார்கள். அந்தப் பெண்களின் சராசரி வயது 63 என்பதை யாரும் உரக்கச் சொல்லவில்லை. பெரும்பாலும் மாதவிடாய் நின்று பத்தாண்டுகளுக்கு மேலானவர்களிடம் கிடைத்த விடையை, 48 வயதில் தூக்கமின்றித் தவிப்பவருக்கும் பொருத்திவிட்டார்கள். அறுபதுக்கு உட்பட்டவர்களுக்கும், நின்று பத்தாண்டுக்குள் இருப்பவர்களுக்கும், கடுமையான தொந்தரவு இருந்து வேறு தடைகள் இல்லையென்றால், நன்மையே மிகுதி என்று பின்னர் வந்த பகுப்பாய்வுகள் சொல்கின்றன. கர்ப்பப்பை எடுக்கப்பட்டு ஈஸ்ட்ரோஜன் மட்டும் பெற்றவர்களிடம் மார்பகப் புற்று கூடவில்லை, நீண்டகாலக் கணக்கில் குறைந்திருந்தது. ஆய்வில் பிழையில்லை. யாரிடம் கேட்ட கேள்விக்கு யாரிடம் கிடைத்த விடை என்று பார்க்கத் தவறியதால் ஒரு தலைமுறைப் பெண்கள் சிகிச்சை இழந்தார்கள். வெளிநாட்டு விடையை அப்படியே இறக்குமதி செய்ய நினைக்கும் ஆய்வு மாணவர்கள் இதை மறக்கக் கூடாது.

இனி, நம்மூர் விஷயத்துக்கு வருகிறேன்.

“கர்ப்பப்பையை எடுத்தாச்சு” என்பது இந்த வட்டாரத்தில் சளி, காய்ச்சல் போலச் சாதாரணமாகச் சொல்லப்படுகிறது. எந்த வயதில் என்றால் முப்பத்தைந்து என்பார்கள். எதற்காக என்றால் “ரொம்பப் படுது, கட்டின்னு சொன்னாங்க” என்பார்கள். சூலகத்தையும் எடுத்தார்களா என்று கேட்டால் விழிப்பார்கள். சீட்டு தொலைந்துபோயிருக்கும். மருத்துவரின் பார்வையில் எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி சூலகம் பற்றியதுதான். இரு சூலகங்களையும் இளவயதில் இழந்தவருக்கு எலும்புத் தேய்வும் இதயநோயும் கூடுகின்றன என்பது நன்கு நிறுவப்பட்டது. சூலகத்தை விட்டுவைத்தாலும், கர்ப்பப்பை போனபின் அது சில ஆண்டுகள் முன்னதாகவே ஓய்ந்துவிடுவதுண்டு.

மராட்டியத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களுக்கு நேர்ந்ததை 2019-இல் நாடே அறிந்தது. அரசு நடத்திய கணக்கெடுப்பில் 80,000-க்கும் அதிகமான பெண்களில் 13,000-க்கும் மேற்பட்டோர் கர்ப்பப்பையை இழந்திருந்தார்கள். மாதவிடாய் வந்தால் வேலைக்குப் போகமுடியாது, போகாவிட்டால் கூலி வெட்டு. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், தேவையற்ற கர்ப்பப்பை அகற்றத்தைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை மாநிலங்கள் செயல்படுத்த வேண்டும் என்று ஆணையிட்டது. பழியை மருத்துவர்மீது மட்டும் போட்டுவிட்டு நான் ஒதுங்கமாட்டேன். மருந்தாலும், கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனத்தாலும் அடங்கக்கூடிய இரத்தப்போக்குக்கு அந்த வழிகளை எடுத்துச் சொல்ல ஆளில்லாதபோது, நாள்கூலிப் பெண்ணுக்கு அறுவை ஒரு விடுதலையாகவே தோன்றும்.

பீடிக்கு வருகிறேன். கடையம், முக்கூடல், பாவூர்சத்திரம், ஆலங்குளம் என்று எந்தத் தெருவில் நுழைந்தாலும் திண்ணையில் பெண்கள் மடியில் தட்டோடு குனிந்திருக்கிறார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அதனால் எழுந்தால் நட்டம். காலையில் உட்கார்ந்தவர் மாலைவரை நிழலிலேயே இருக்கிறார். கழுத்தும் முட்டும் வலிக்கின்றன. வேலூர்ப் பகுதியில் மாதவிடாய் நின்ற பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வு, ஏறத்தாழ பாதிப் பேருக்கு எலும்புத் தேய்வு இருப்பதையும், பாதிப் பேருக்கு வைட்டமின் டி போதாமல் இருப்பதையும் காட்டியது. வெயில் கொளுத்தும் மண்ணில் இந்த நிலை. திண்ணையை விட்டு இறங்காத பெண்ணுக்கு எப்படி இருக்கும் என்பதை அளந்து பார்க்க வேண்டாமா?

இன்னொன்றும் இருக்கிறது. புகைபிடிக்கும் பெண்களுக்கு மாதவிடாய் ஓரிரு ஆண்டு முன்னதாக நிற்கிறது என்பது பல நாடுகளில் உறுதியானது. நம் பெண்கள் புகைப்பதில்லை. ஆனால் புகையிலைத் தூளை நாளெல்லாம் கையாளும் தொழிலாளர்களின் சிறுநீரில், நிகோட்டின் உடலில் நுழைந்ததற்கு அடையாளமான கோட்டினின் காணப்படுகிறது. தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் அது போகிறது. பதின்மூன்று, பதினான்கு வயதில் தட்டை மடியில் வைத்தவரின் சூலகத்தை அது என்ன செய்கிறது? இந்தக் கேள்விக்கு விடை தேட இந்த வட்டாரத்தைவிடப் பொருத்தமான களம் உலகத்தில் வேறெங்கும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரே தெருவில், ஒரே சாப்பாட்டில், பீடி சுற்றும் அக்காவும் நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போகும் தங்கையும் இருக்கிறார்கள். பீடித் தொழிலாளர்களுக்கென்றே முக்கூடலில் மத்திய அரசு மருத்துவமனை இருக்கிறது. இந்தக் கருத்தரங்கிலிருந்து ஓர் ஆய்வு பிறக்குமானால் அது இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சிற்றூரில் இதெல்லாம் நடக்குமா என்று ஐயப்படுவோருக்குத் திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கையைக் காட்டுகிறேன். அங்கிருந்த ஒரு சமுதாய மருத்துவமனையைத் தளமாகக் கொண்டு, 30 முதல் 59 வயதுப் பெண்களிடம், அசிட்டிக் அமிலக் கரைசலைத் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய முறையில் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை நடந்தது. செய்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். 2007-இல் ‘லான்செட்’ இதழில் வந்த முடிவு, பரிசோதனை நடந்த ஊர்களில் அந்தப் புற்றால் நேர்ந்த இறப்பு 35 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. உலகமே எடுத்துக்காட்டும் ஆய்வு நம் கிராமப் பெண்களிடமிருந்து வந்தது.

கேட்கும் முறையிலும் கவனம் வேண்டும். 1975-இல் மார்ஷா ஃபிளின்ட் என்ற மானிடவியலாளர் ராஜபுத்திரப் பெண்கள் 483 பேரைச் சந்தித்து, மாதவிடாய் நின்றது அவர்களுக்குத் தொந்தரவாக இல்லை, முக்காடும் விலக்கும் நீங்கிய விடுதலையாக இருந்தது என்று எழுதினார். ஐம்பதைக் கடந்து முதல்முறையாக இருமுடி கட்டிச் செங்கோட்டை வழியே சபரிமலைக்குப் போகும் நம்மூர்ப் பெண்களின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அது விளங்கும். ஜப்பானியப் பெண்கள் காந்தலைவிடத் தோள் இறுக்கத்தையே அதிகம் சொன்னார்கள் என்று மார்கரெட் லாக் என்ற மானிடவியலாளர் கண்டார். அயல்நாட்டு வினாத்தாளை மொழிபெயர்த்துக்கொண்டு வந்தால் நம் பெண்கள் சடவு என்று சொல்லும் அசதி அதில் அகப்படாது. அதே சமயம், “எங்கள் பெண்களுக்கு இதெல்லாம் கிடையாது” என்று பெருமை பேசுவதையும் நான் ஏற்கமாட்டேன். சொல்ல இடமில்லாதவர் சொல்லாமல் இருந்ததை நோயின்மை என்று எழுதிவிடக் கூடாது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் தன்னார்வலர்கள் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் பார்க்க வீட்டுக்கே வருகிறார்கள். அவர்கள் கையேட்டில் இன்னும் சில கேள்விகளைச் சேர்க்கும்படி இந்த அவை அரசைக் கேட்க வேண்டும். கடைசி மாதவிடாய் எந்த வயதில் வந்தது, கர்ப்பப்பை எடுக்கப்பட்டதா, ஏன் எடுத்தார்கள், சூலகம் இருக்கிறதா, என்ன தொழில் எத்தனை ஆண்டு. இவ்வளவு போதும். தென்காசி மாவட்டத்தில் தொடங்கட்டும்.

தாய்மார்களிடம் ஒரு விண்ணப்பத்தோடு கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன். மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்தபின் ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும், வலி இல்லை என்று விட்டுவிடாதீர்கள். அந்த வாரமே அரசு மருத்துவமனைக்குப் போய்க் காட்டுங்கள். அறுவை செய்துகொண்டவர்கள், என்ன எடுத்தார்கள் என்று எழுதிய சீட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். அது உங்கள் உரிமை.