சாயம் காய்ந்த பிறகு

புது வீட்டுக் கதவைத் திறந்ததும் முதலில் மூக்கில் ஏறுவது சாய வாடைதான். சிலருக்கு அது பிடிக்கவும் செய்யும். புது வீட்டு மணம் என்பார்கள். நேயர்களே, அது சுவரிலிருந்து காற்றில் கலக்கும் ரசாயன ஆவி. ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் என்று அதற்குப் பெயர். சாயக்கடையில் சுருக்கமாக 'விஓசி' என்பார்கள்.

சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டு 'கிரீன் மார்க்' சான்றிதழ் வந்தது. மலேசியாவில் 2009இல் பசுமைக் கட்டடக் குறியீடு வந்தது. இரண்டும் மின்சாரம், தண்ணீர்ச் சேமிப்போடு நின்றுவிடாமல் உட்சுவரில் பூசும் சாயத்தையும் பார்க்கின்றன. அதனால்தான் சாய டின்களில் 'குறைந்த விஓசி' என்ற எழுத்து கண்ணில் படுகிறது. எதைச் சோதித்து அப்படி எழுதுகிறார்கள்?

ஒரு சோதனை, டின்னுக்குள் இருப்பதை அளப்பது. ஒரு லிட்டர் சாயத்தில் இத்தனை கிராம் விஓசி என்று கணக்கு வரும். எளிய சோதனைதான், ஆனால் அதில் ஓர் ஓட்டை உண்டு. ஐரோப்பிய விதிப்படி 250 பாகை செல்சியசுக்குள் கொதிப்பவைதாம் விஓசி. நீரில் கரைத்த சாயம் சுவரில் ஒரே ஏடாகப் படிவதற்குச் சேர்க்கும் சில கரைப்பான்கள் அதற்குச் சற்று மேலே கொதிப்பவை. அவை கணக்கில் ஏறாது. ஆனால், சுவரிலிருந்து மெல்ல மெல்ல வெளியேறிக்கொண்டே இருக்கும். போதாததற்கு, சான்றிதழ் வெள்ளைச் சாயத்துக்கு இருக்கும்; வீட்டுக்காரர் அடர்நீலம் கேட்பார். கடையில் இயந்திரம் ஊற்றும் நிறக் கலவையிலும் விஓசி இருக்கக்கூடும். அதை யார் கேட்கிறார்கள்?

மற்றொரு சோதனை அறைக் காற்றைப் பற்றியது. கண்ணாடித் தட்டில் சாயத்தைப் பூசி, எஃகுப் பெட்டிக்குள் வைத்து, தூய காற்றைச் செலுத்துவார்கள். வெளிவரும் காற்றை உறிஞ்சுபொருள் அடைத்த குழாய்க்குள் இழுத்து, அதில் என்னென்ன ஆவி எவ்வளவு என்று கருவியில் பிரித்துப் பார்ப்பார்கள். ஃபார்மால்டிஹைடைப் பிடிக்கத் தனிக் குழாய் உண்டு. அது மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியது என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வகைப்படுத்தியது. 2026 ஜனவரி முதல், எடையில் 0.01 விழுக்காடோ அதற்கு மேலோ அது கலந்த உட்புறச் சாயங்களுக்குச் சிங்கப்பூரில் தடை.

இந்தச் சோதனையும் முழுமையானதல்ல. பெட்டிக்குள் பொதுவாக 23 பாகை வெப்பம், 50 விழுக்காடு ஈரப்பதம். குளிரூட்டி ஓடும் அலுவலகத்துக்கு அது ஓரளவு பொருந்தலாம். சன்னலைத் திறந்து வாழும் அடுக்குமாடி வீட்டில் வெப்பம் 30 பாகையைத் தாண்டும், ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தொடும். வெப்பம் கூடினால் ஆவியும் கூடும்.

காற்றை எந்த நாளில் அளக்கிறார்கள் என்பதும் முக்கியம். பல நாட்டு முறைகளில் சாயம் பூசிய 3ஆம் நாளும் 28ஆம் நாளும் அளக்கிறார்கள். 28ஆம் நாளில் அங்கே இருப்பது குடிவந்த குடும்பம். அவர்களுக்கு அந்த அளவு சரியே. ஆனால் சாயம் பூசுபவர்? வாடை உச்சத்தில் இருக்கும் முதல் மணி நேரத்தில் சுவரோடு முகம் வைத்து நிற்பவர் அவர்தான். தமிழ்நாட்டிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் கட்டுமான வேலைக்கு வந்தவர்கள் இதில் பலர். சாயம் பூசும் தொழிலையே புற்றுநோய் அபாயமுள்ள தொழிலாக அதே ஆய்வு அமைப்பு 1989இல் வகைப்படுத்தியிருக்கிறது.

அவரைக் காப்பது அந்த ஓட்டையுள்ள டின் கணக்குதான். அமெரிக்காவின் 'லீட்' சான்றிதழ் 2013இல் வெளியிட்ட விதிகளில் இதைத் தெளிவாகவே எழுதியது: அறைக் காற்றுச் சோதனையில் தேறினால் மட்டும் போதாது, கட்டுமான இடத்தில் பூசும் சாயத்தின் விஓசி அளவும் வரம்புக்குள் இருக்க வேண்டும், பூசுகிறவர்களின் உடல்நலத்துக்காக.

ஒரு சோதனை இருக்க இன்னொன்று எதற்கு, வீண் செலவு என்று முணுமுணுக்கும் குத்தகையாளர் ஒருமுறை படுக்கையறைக்குள் போய்ப் பார்க்கட்டும். மழை வந்தால் தொழிலாளி சன்னலைச் சாத்திவிட்டுத்தான் இரண்டாம் பூச்சைப் பூசிக்கொண்டிருப்பார்.