ட்லாஸ்காலா எடுத்த முடிவு

எர்னான் கோர்ட்டேஸ் என்ற ஸ்பானியர் 1519-ல் ஏறத்தாழ 500 வீரர்களோடும் 16 குதிரைகளோடும் மெக்சிகோ கரையில் இறங்கினார், இரண்டே ஆண்டில் அஸ்டெக் பேரரசைக் கவிழ்த்துவிட்டார் என்று நம்மில் பலரும் படித்திருப்போம். ஒரு பக்கம் பீரங்கியும் இரும்பு வாளும், இன்னொரு பக்கம் கல் பதித்த ஆயுதங்கள், அதனால் முடிவு அப்படித்தான் இருக்கும் என்று நம்பியும் இருப்போம். ஆனால் 1521-ல் அஸ்டெக் தலைநகரை முற்றுகையிட்ட படையில் ஸ்பானியர்கள் ஆயிரம் பேருக்கும் குறைவு. அவர்களோடு நின்றது பல்லாயிரக்கணக்கான உள்ளூர்ப் படை. அதில் முன்வரிசையில் நின்ற ட்லாஸ்காலா மக்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் அந்த நிலத்தைப் பார்த்துவிடுவோம். இன்றைய மெக்சிகோ நகரம் இருக்கும் இடத்தில் அன்று டெஸ்கோகோ ஏரி இருந்தது. ஏரிக்கு நடுவே ஒரு தீவில் டெனோச்டிட்லான் நகரம். கரையோடு அதை இணைக்க நீண்ட கல்பாதைகள், ஊருக்குள் கால்வாய்கள், நன்னீர் கொண்டுவர ஒரு நீர்க்கால்வாய். அன்றைய ஐரோப்பிய நகரங்களில் இதற்கு ஈடாகச் சொல்லக்கூடியவை மிகச் சிலவே. நாம் அஸ்டெக் என்று சொல்லும் அந்த மக்கள் தங்களை மெக்சிக்கா என்று அழைத்துக்கொண்டார்கள். 1428 முதல் டெஸ்கோகோ, ட்லாகோபான் என்ற இரண்டு நகரங்களோடு கூட்டுச் சேர்ந்து, சுற்றியிருந்த நூற்றுக்கணக்கான ஊர்களைப் பணியவைத்துத் திறை வாங்கினார்கள். சோளம், துணி, இறகு, கொக்கோ எல்லாம் அந்தத் தீவை நோக்கிப் போயின. போரில் பிடிபட்டவர்கள் பலிபீடத்துக்குப் போனார்கள்.

அந்தக் கூட்டணிக்குப் பணியாத நாடு ட்லாஸ்காலா. ஒரே அரசன் கிடையாது, தலைவர்கள் கூடிப் பேசி முடிவெடுக்கும் நாடு அது. மெக்சிக்கா நாலாபுறமும் சூழ்ந்துகொண்டு வணிகப் பாதைகளை அடைத்தார்கள். கடற்கரைப் பருத்தி வரவில்லை. உப்பும் வரவில்லை. உப்பில்லாமல் சாப்பிட்டுப் பழகிவிட்ட மக்கள் என்று ஸ்பானியர்கள் அவர்களைப் பற்றி எழுதிவைத்தார்கள். பல்லாண்டுகளாக உப்பைக்கூட மறுத்த ஒரு அரசின் மேல் அந்த மக்களுக்கு என்ன கோபம் இருந்திருக்கும்? அதை மனதில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் நடந்தது விளங்கும்.

கோர்ட்டேஸ் கியூபாவிலிருந்து கிளம்பியதே ஆளுநரின் உத்தரவை மீறித்தான். வழியில் அவருக்கு இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருவர் கப்பல் உடைந்து மாயா மக்களிடையே பல ஆண்டுகள் வாழ்ந்த அகிலார் என்ற ஸ்பானியர். இன்னொருவர் மலின்ட்சின் என்ற இளம்பெண். டபாஸ்கோ பகுதியில் நடந்த சண்டைக்குப் பிறகு ஸ்பானியர்களுக்குக் கொடுக்கப்பட்ட 20 பெண்களில் ஒருவர். மெக்சிக்கா பேசிய நாவாட்ல் மொழி, மாயா மொழி இரண்டும் அவருக்குத் தெரியும். அகிலாருக்கு மாயாவும் ஸ்பானியமும் தெரியும். இந்த இருவர் வழியாகத்தான் கோர்ட்டேஸ் அந்த நாட்டின் அரசியலையே கேட்டுத் தெரிந்துகொண்டார். யார் யாருக்குப் பகை, யார் மனக்கசப்பில் இருக்கிறார்கள் என்ற செய்தி அவருடைய பீரங்கிகளைவிடப் பெரிய ஆயுதம் என்பேன்.

1519 செப்டம்பரில் ஸ்பானியர்கள் ட்லாஸ்காலா எல்லைக்குள் நுழைந்தபோது முதலில் நடந்தது போர்தான். ஷிகோட்டென்காட்ல் என்ற இளம் தளபதி அவர்களைப் பல நாள் விடாமல் தாக்கினார். ஸ்பானியர்கள் காயப்பட்டு, பசித்து, திரும்பிப் போகலாமா என்று பேசத் தொடங்கிய நேரத்தில் ட்லாஸ்காலா தலைவர்கள் கூடி, சமாதானம் என்று முடிவெடுத்தார்கள். வந்தவர்களின் படைபலத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு, அதைத் தங்கள் எதிரிக்கு எதிராகத் திருப்பலாம் என்று கணக்குப் போட்டதாகவே எனக்குப் படுகிறது.

அடுத்த சில மாதங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சோலூலா நகரில் ஸ்பானியர்கள் ஒரு படுகொலை நடத்துகிறார்கள். 1519 நவம்பர் 8-ல் டெனோச்டிட்லானுக்குள் நுழைகிறார்கள். வரவேற்ற மன்னர் மொக்டெசுமாவையே சிறைப்பிடிக்கிறார்கள். கோர்ட்டேஸ் கடற்கரைக்குப் போயிருந்தபோது, அவருடைய துணைத்தளபதி அல்வராடோ கோயில் திருவிழாவில் ஆடிக்கொண்டிருந்தவர்களை வெட்டிச் சாய்க்கிறார். நகரம் கொதித்தெழுகிறது, மொக்டெசுமா இறக்கிறார். 1520 ஜூன் 30 இரவில் தப்பியோடிய ஸ்பானியர்கள் நூற்றுக்கணக்கில் மடிகிறார்கள். உடன் போன ட்லாஸ்காலா வீரர்களும் ஏராளமாக மடிகிறார்கள்.

இங்கேதான் வரலாறு ஒரு முனையில் நின்றது. தப்பியவர்கள் 1520 ஜூலையில் ட்லாஸ்காலாவுக்குள் தள்ளாடி வந்தார்கள். பீரங்கிகள் ஏரியோடு போய்விட்டன. கோர்ட்டேஸுக்கே தலையில் காயம். அந்த நாளில் ட்லாஸ்காலா நினைத்திருந்தால் கோர்ட்டேஸின் கதை அங்கேயே முடிந்திருக்கும். டெனோச்டிட்லானிலிருந்து தூதர்கள் வந்து, பழைய பகையை மறப்போம், இவர்களை ஒழிப்போம் என்றார்கள். அவர்கள் கொண்டுவந்த பரிசுப் பொருள்களில் பருத்தித் துணியும் உப்பும் இருந்தன என்று ஸ்பானிய நூல்கள் சொல்கின்றன. இத்தனை ஆண்டும் மறுத்த அதே உப்பு!

சபையில் கடும் வாக்குவாதம் நடந்தது. தூதர்கள் சொல்வதைக் கேட்போம் என்றார் ஷிகோட்டென்காட்ல். மூத்த தலைவர் மாஷிஷ்காட்ஸின் ஆத்திரத்தில் அவரைப் படியிலிருந்து கீழே தள்ளிவிட்டார் என்கிறார்கள். கடைசியில் ஸ்பானியர்களோடு நிற்பது என்று முடிவானது. கைம்மாறாக, கொள்ளையில் பங்கும் திறைவிலக்கும் வாக்களிக்கப்பட்டதாக ட்லாஸ்காலா மக்கள் பின்னாளில் வாதாடினார்கள்.

அதே ஆண்டு பெரியம்மை வந்தது. ஸ்பானியக் கப்பல்களோடு வந்த அந்த நோய்க்கு அந்த மண்ணில் யாருக்கும் எதிர்ப்புச் சக்தி இல்லை. புதிய மன்னர் குவிட்லாவாக் ஆட்சிக்கு வந்து மூன்று மாதத்துக்குள் இறந்தார். ட்லாஸ்காலாவில் மாஷிஷ்காட்ஸினும் இறந்தார். நோய் நண்பன், பகைவன் என்று பார்க்கவில்லை.

தீவு நகரத்தைப் பிடிக்கப் படகு வேண்டும். மார்ட்டின் லோப்பெஸ் என்ற தச்சர், ட்லாஸ்காலா காட்டு மரத்தில் அந்த ஊர்த் தொழிலாளர்களோடு சேர்ந்து 13 பாய்மரப் படகுகளுக்கான பாகங்களைச் செய்தார். கடற்கரையில் கோர்ட்டேஸ் முன்பே கரைதட்ட வைத்த கப்பல்களின் இரும்பும் பாயும் கயிறும் இதற்குப் பயன்பட்டன. பிறகு பலகை பலகையாகத் தோளில் ஏற்றி, மலைகளைத் தாண்டி ஏரிக்கரைக்குக் கொண்டுபோனார்கள். சுமந்தவர்கள் 8,000 பேர். அந்த வரிசை டெஸ்கோகோ நகருக்குள் நுழைந்து முடிய 6 மணி நேரத்துக்கு மேல் ஆனது என்று கோர்ட்டேஸே தன் மன்னருக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிடுகிறார். படகுகளை ஏரிக்குள் இறக்க ஒரு கால்வாய் வெட்டினார்கள். நாளொன்றுக்கு 8,000 பேர், 50 நாள் வேலை. இதையும் அவரே சொல்கிறார். இந்த உழைப்பைக் கழித்துவிட்டால் முற்றுகை என்ற பேச்சுக்கே இடமில்லை.

1521 மே மாதம் முற்றுகை தொடங்கியது. நன்னீர்க் கால்வாயை வெட்டினார்கள். சோலூலா, சால்கோ, டெஸ்கோகோ படைகளும் சேர்ந்துகொண்டன. வீடு வீடாக இடித்து, அந்த இடிபாட்டால் கால்வாய்களைத் தூர்த்தபடி முன்னேறினார்கள். உள்ளே இருந்தவர்கள் பல்லியையும் புல்லையும் தின்று போராடினார்கள். ஆகஸ்ட் 13-ல் கடைசி மன்னர் குவாவ்டெமோக் பிடிபட்டார். ஷிகோட்டென்காட்ல் அதைப் பார்க்கவில்லை. படையைவிட்டு விலகிப் போனதற்காக, முற்றுகைக்கு முன்பே கோர்ட்டேஸ் அவரைத் தூக்கிலிட்டிருந்தார்.

பிற்கால மெக்சிகோவில் ட்லாஸ்காலா மக்களைத் துரோகிகள் என்று ஏசியவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1520-ல் மெக்சிகோ என்றொரு நாடே இல்லை. கடலுக்கு அப்பால் எவ்வளவு பெரிய அரசு நிற்கிறது, அடுத்த நூறு ஆண்டில் எத்தனை கொள்ளைநோய்கள் வரப்போகின்றன என்பதெல்லாம் அந்தச் சபையில் யாருக்கும் தெரிய வழியில்லை. தெரிந்த எதிரியை வைத்துத்தான் அவர்கள் முடிவெடுத்தார்கள்.

அதற்குக் கிடைத்த பலன் கொஞ்சம்தான். ஸ்பானிய அரசு சில சலுகைகளும் பட்டங்களும் தந்தது, ஆனால் திறைவிலக்கு முழுதாக ஒருபோதும் கிடைக்கவில்லை. 1591-ல் ஏறத்தாழ 400 ட்லாஸ்காலா குடும்பங்களை வடக்கு எல்லைக்கு அனுப்பிக் குடியேற்றினார்கள், ஸ்பானியர்களுக்காக இன்னொரு எல்லையைக் காக்க.

தங்கள் பங்கைத் தாங்களே பதிவு செய்ய வேண்டும் என்று 1550-களில் அவர்கள் ஒரு பெரிய துணியில் இந்தப் போரைக் காட்சி காட்சியாக வரைந்துவைத்தார்கள். மூலத்துணி தொலைந்துவிட்டது, பிரதிகள் இணையத்தில் கிடைக்கின்றன. லியென்சோ தே ட்லாஸ்காலா என்று தேடிப் பாருங்கள். போர்க் காட்சிகளில் ஸ்பானியக் குதிரைவீரனுக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று ஒருமுறை கவனியுங்கள். பார்த்துவிட்டு உங்களுக்குத் தோன்றியதை எழுதுங்கள்.